ஏழு தட்டு, பத்துத் தட்டு

கத்தி இழுத்த திசையில் ரப்பர் தகடு மெல்லப் பிரிந்து கொடுத்தது. இடது கை, பாதம் வரைந்த காகிதத்தைத் தகட்டின் மேல் அசையாமல் அழுத்தியிருந்தது. வலது கை கோட்டுக்கு வெளியே ஒரு நெல் அகலம் விட்டு வெட்டிக்கொண்டே வந்தது. குதிகால் வளைவு வந்தபோது கத்தி திரும்பவில்லை, தகடு திரும்பியது. கத்தி திரும்பினால் ஓரம் பிசிறு தட்டும். வெட்டி முடித்த துண்டை அந்தக் கைகள் வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தன. கட்டை விரல் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தது. பிறகு அடுத்த தகடு. தடிமனாக இரண்டு, மெல்லியதாக ஒன்று. மூன்றும் ஒரே செருப்பின் அடியில் போகும். அதன் ஜோடிக்கு இவை கிடையாது.

துண்டுகளின் மேல் ஒட்டுகிற சொல்யூஷன் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆறு மாதத்தில் செருப்பு வாயைப் பிளக்கும். அது காய்கிற நேரத்தில் அதே கைகள் வாரில் ஓட்டை போட்டன, பக்கிளைத் தைத்தன.

கைகளுக்கு உரிய பெண் ஜெயக்கொடி. வயது நாற்பத்தேழு. செஞ்சியில் திருவண்ணாமலை சாலையிலிருந்து பிரியும் சந்தில், மரச்சாமான் கடையை ஒட்டினாற்போல் ஒற்றைக் கதவு வைத்த கடை அவருடையது. கடை வாசலில் நின்றால் ராஜகிரிக் கோட்டை மலை முழுதாகத் தெரியும். ஜெயக்கொடி அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். வெளிச்சம் தோளுக்கு மேலாக வந்து கையில் விழ வேண்டும்.

அவர் செய்வது ஒரு கால் குட்டையானவர்களுக்கான செருப்பு. செருப்புத் தொழில் அப்பா வழி வந்தது. வல்லத்தில் கழனி வேலைக்குப் போகிறவர்களுக்கு லாரி டயரில் அடி வைத்துச் செருப்பு தைத்துக் கொடுத்தவர் அப்பா. ஒரு பக்கம் ஏற்றிச் செய்வதை ஜெயக்கொடிக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அக்கா வளர்மதிக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. பதினான்கு வயதில் ஜெயக்கொடி, அப்பா போட்டு வைத்திருந்த அடித்தோல் மூன்றை அடுக்கி ஆணியடித்து அக்காவுக்கு ஒரு செருப்பு செய்தார். குறைந்த அளவு முழுவதையும் ஏற்றிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நின்ற வளர்மதி, மண்ணெண்ணெய்க் கேனோடு சாய்ந்து விழுந்தார். குட்டைக் காலோடு வளர்ந்த உடம்பு அதற்கேற்றபடி வளைந்து பழகியிருக்கும், ஒரே நாளில் நிமிர்த்தினால் தாங்காது என்று அன்று தெரிந்தது. அளவில் கொஞ்சம் குறைத்தே ஏற்ற வேண்டும். எவ்வளவு குறைப்பது என்று தெரிய மேலும் ஐந்து ஜோடி ஆயிற்று. பிற்பாடு யாரோ பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வாங்கிய செருப்பை ரிப்பேருக்குக் கொண்டுவந்தபோது, ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கி, அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டிக் கொடுத்தார். ஆணிக்கும் தோலுக்கும் பதிலாக மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் வந்தது அதன் பிறகுதான்.

அளவெடுக்க அவரிடம் இரண்டு சாமான்கள் உண்டு. ஒன்று, பக்கத்துக் கடை ஆசாரி செய்து கொடுத்த மரச்சட்டம். ஆள் வெறுங்காலோடு நிற்க, பின்னாலிருந்து அதன் இரண்டு கைகளையும் இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலும் வைப்பார். சட்டத்தின் நடுவில் கொத்தனாரின் ரசமட்டம் பொருத்தியிருக்கும். இடுப்பு சாய்ந்திருந்தால் குமிழி ஒரு பக்கம் ஓடிவிடும். இன்னொன்று, மேசையில் ஒட்டும் மைக்கா துண்டுகள். மரச்சாமான் கடையில் வெட்டிப் போட்டதைப் பொறுக்கி, இரண்டிரண்டாக ஒட்டி, ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் வரும்படி வைத்திருக்கிறார். அதற்குத் தட்டு என்று பெயர். குட்டைக் காலின் கீழ் ஒவ்வொரு தட்டாகச் செருகிக்கொண்டே போவார். குமிழி நடுக்கோட்டுக்கு வந்து நின்றால் நிறுத்துவார். எத்தனை தட்டு என்பதைப் பாதம் வரைந்த காகிதத்தின் ஓரத்தில் தேதியோடு எழுதிவிடுவார். அந்தக் காகிதங்களை அவர் தூக்கிப் போட்டதில்லை.

செய்து முடித்த செருப்பை அவர் கீழே வைக்க மாட்டார், கையில்தான் கொடுப்பார். ஒன்று கனம், ஒன்று லேசு. அந்த வித்தியாசம் காலுக்குப் போவதற்கு முன் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார். பலருக்குக் கை நீளாது. செருப்பைக் கையில் வாங்குவதா என்று தரையைக் காட்டுவார்கள். ஜெயக்கொடி நீட்டியபடியே நிற்பார். கடைசியில் வாங்கிக்கொள்வார்கள்.

போன ஆவணியில் அப்படித் தரையைக் காட்டியவர்களில் ஒருவர்தான் ராஜாங்கம்.

ராஜாங்கம் சிங்கவரத்துக்காரர், நாற்பத்தெட்டு வயது. கமிட்டியில் மூட்டை தூக்குபவர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை ஊரில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, கமிட்டி என்றால் போதும். இருபத்தைந்து வருஷமாக நெல்லும் மணிலாக் கடலையும் அவர் முதுகில் ஏறி லாரிக்குப் போயின. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் சீட்டை நீட்டிக்கொண்டு, மனைவி லட்சுமியம்மாளோடு வந்தார். வலது காலை இழுத்து வைத்து நடந்தார்.

"எங்கண்ணா விழுந்தீங்க?" என்று கேட்டார் ஜெயக்கொடி.

"எங்கியும் விழல தங்கச்சி. அதான் எனக்கே புரியல. லோடு லாரி மேலருந்து விழுந்தான்னு சொன்னாலும் ஒரு கௌரவம் இருக்கும். சும்மா இருந்த காலு, பங்குனி மாசம் தொடை சந்துல வலிக்க ஆரம்பிச்சிது. பிடிப்புன்னு எண்ணெ தேச்சிக்கினு இருந்தேன். இப்பப் பாத்தா குட்டையா பூட்டுது."

"போட்டோ எடுத்துப் பாத்தாங்கம்மா. இடுப்பாண்ட எலும்பு செத்துப் போச்சாம்" என்றார் லட்சுமியம்மாள். "குடியினாலன்னு டாக்டரம்மா பச்சையா சொல்லிட்டாங்க."

"இப்ப குடிக்கறீங்களா?"

"விட்டுட்டேன். சொன்ன அன்னிக்கே விட்டுட்டேன். வோணும்னா இவளயே கேளு."

"ஆமாம்மா" என்றார் லட்சுமியம்மாள். "சாய்ந்தரமானா வூட்ட வுட்டு நகர்றதில்ல. டிவி பாத்துக்கினு எனக்கே சீரியல் கதை சொல்றாரு. அதுதான் ஒரு ரோதனை."

குமிழி ஏழு தட்டில் நின்றது. ஐந்து தட்டு உயரத்துக்கு ஏற்றிக் கொடுக்கத் தீர்மானித்து ஜெயக்கொடி குறித்துக்கொண்டார்.

அந்தச் செருப்பை நம்பி ஒரு வேலை இருந்தது. இனிமேல் மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கமிட்டியில் நெல் பிடிக்கும் வியாபாரி கௌஸ் பாஷா, வருஷக்கணக்காகத் தன் லோடை ஏற்றிய ஆள் என்பதால் ராஜாங்கத்தை எடைபோடக் கூப்பிட்டார். தைப் பொங்கல் முடிந்தால் சம்பா நெல் வரத்து. காலை ஏழிலிருந்து சாயந்திரம் வரை எலக்ட்ரானிக் தராசுக்குப் பக்கத்தில் நின்று, மூட்டையை நேராகத் தள்ளி வைத்து, எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். "தூக்கினது போதும்யா, வந்து நில்லு. ஆனா நிக்கணும்" என்றார் பாஷா. ராஜாங்கத்துக்கு வேறு தொழில் தெரியாது. நிற்க முடிந்தால் கமிட்டியில் இருக்கலாம். முடியாவிட்டால் சிங்கவரத்து வீட்டில்தான்.

செருப்பு தயாரானதும் ஜெயக்கொடி கையில் நீட்டினார். "அப்டி கீழ வை தங்கச்சி" என்றார் ராஜாங்கம். ஜெயக்கொடி அசையவில்லை. ராஜாங்கம் வாரை இரண்டு விரலால் பிடித்து வாங்கிக் கீழே போட்டுக் காலை நுழைத்தார். சந்து முனைக் கம்பம் வரை போய்த் திரும்பினார். இழுப்பு இல்லை. "பலே" என்றார்.

கார்த்திகை பிறந்த நாலாம் நாள் திரும்பி வந்தார். செருப்பு காலில் இருந்தது, இழுப்பும் இருந்தது.

"பாய் ஒத்திகை பாக்கலாம்னு கூப்பிட்டாரு. ஒரு மணி நேரம் நின்னேன். 'இன்னாப்பா ராஜாங்கம், நீ சாயறியா, தராசு சாயுதா, எனக்கு ரெண்டுல ஒன்னு தெரிஞ்சாவணும்'ங்கறாரு. மத்தவன்லாம் சிரிக்கறான். இன்னா தங்கச்சி, அளவு தப்பாயிடுச்சா?"

ஜெயக்கொடி செருப்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அடி தேயவில்லை, ஒட்டு விடவில்லை, ரப்பர் அமுங்கவும் இல்லை. அவரை நிற்க வைத்துச் சட்டத்தை வைத்தார். ஏழு தட்டு போட்டார். குமிழி வலப்பக்கம் தாழ்ந்திருப்பதாகவே காட்டியது. எட்டு. ஒன்பது. பத்தில் வந்து நின்றது.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து மறுபடி செய்தார். பத்து.

"எனக்கு நாலு நாள் குடுங்கண்ணா" என்றார்.

ராஜாங்கம் போன பிறகு கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஏழு என்று எழுதியது தன் கையெழுத்து. அன்று வேகமாக அளந்துவிட்டோமோ? ரசமட்டத்தைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்தார். இடம் வலம் மாற்றித் திருப்பி வைத்தார். இரண்டு முறையும் குமிழி ஒரே இடத்தில் நின்றது. மட்டம் சரி. பத்துத் தட்டையும் அடுக்கி ஸ்கேலில் வைத்தால் இருபது மில்லி. அதுவும் சரி.

அப்படியும் மனம் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டத்தையும் தட்டுகளையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வல்லத்துக்குப் பஸ் ஏறினார். வளர்மதி அங்கே தையல் வகுப்பு நடத்துகிறார்.

"நில்லுக்கா."

"இன்னாடி, லீவு நாள்ல வந்து இடுப்ப அளக்கற? எனக்கு இன்னா மாப்ள பாக்கறியா?"

"நில்லேன்."

வளர்மதிக்கு இருபது வருஷமாகப் பதினாறு தட்டு. அன்றும் பதினாறு. ஜெயக்கொடி சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு அக்கா ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்தார். சாமான் சரி, கையும் சரி. ஆவணியில் ஏழு இருந்தது உண்மை. இப்போது பத்து இருப்பதும் உண்மை. அப்படியானால் மூன்று மாதத்தில் ராஜாங்கத்தின் கால் மூன்று தட்டு இறங்கியிருக்கிறது.

வளர்ந்த ஆளின் கால் சும்மா குட்டையாகாது. வீடு திரும்பியதும் பழைய காகிதக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அளவு மாறியவர்கள் அதில் மிகச் சிலர்தான். அவர்களில் மூன்று பேரை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஒருவர், வாய்க்கால் வரப்பில் வழுக்கி உட்கார்ந்ததற்கே தொடை எலும்பு முறிந்தவர். ஒருவருக்குக் கட்டுப் போட்டு எட்டு மாதமாகியும் எலும்பு கூடவில்லை. மூன்றாவது ஆளுக்கு ராஜாங்கத்தைப் போலவே இடுப்பு. மூன்று பேரும் தினமும் குடித்தவர்கள். மூன்று காகிதத்தை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எது என்று தெரிந்துவிட்டது.

நாலாம் நாள் இருவரும் வந்தபோது ராஜாங்கத்தை விட்டுவிட்டு லட்சுமியம்மாளைக் கேட்டார்.

"அக்கா, காலைல எழுந்ததுலருந்து இவரு இன்னா இன்னா சாப்புடறாரு? ஒன்னு வுடாம சொல்லுங்க."

"இன்னாம்மா சாப்புடப் போறாரு. எழுந்ததும் மருந்து. ஒன்பது மணிக்குக் கூழு..."

"இன்னா மருந்து?"

"எலும்புக்குத்தாம்மா. ரெண்டு நாட்டுக்கோழி முட்டைய ஒடச்சி, பிராந்தி ஊத்தி, மெளகுத்தூளு போட்டுக் கலக்கிக் குடுப்பேன். ஒரு நாளு தவற வுட்டதில்ல. முட்டைக்குன்னே நாலு கோழி வளக்கறேன்."

ஜெயக்கொடி ராஜாங்கத்தைப் பார்த்தார்.

"குடிய விட்டுட்டேன்னீங்களே?"

"விட்டுட்டேன் தங்கச்சி! சாய்ந்தரத்துல ஒரு சொட்டு கெடையாது. இது குடியா? இது மருந்து. கமிட்டில எவன் கால முறிச்சிக்கினாலும் இததான் குடுப்பாங்க. எங்க மேஸ்திரி எழுபது வயசு வரைக்கும் இதுலதான் ஓட்டுனாரு."

"எவ்ளோ பிராந்தி?"

"அரக் கோட்டர்" என்றார் லட்சுமியம்மாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "வலி சாஸ்தியா இருக்கற நாள்ல கோட்டர்" என்றார்.

"வலி எத்தினி நாளு சாஸ்தியா இருக்கும்?"

லட்சுமியம்மாள் கணவனைப் பார்த்தார். கணவன் ராஜகிரியைப் பார்த்தார்.

மறுநாள் ஜெயக்கொடி கடையைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு தேதி போட்ட காகிதத்தையும் எடுத்துப் போனார். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், புதிதாக ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இங்க பாருங்க. தொடை எலும்போட தலை, உருண்டையா இருக்கணும். ஆடி மாசம் மேல லேசாத்தான் அமுங்கியிருந்தது. இப்ப தட்டையாவே ஆயிடுச்சு. இந்த உருண்டைக்குப் போற ரத்தக் குழாய் ரொம்ப மெல்லிசு. வருஷக்கணக்கா குடிச்சா அந்த ஓட்டம் கொறஞ்சிடும். ரத்தம் வராத எலும்பு செத்துடும். செத்த எலும்பு மேல உடம்பு பாரம் எறங்கினா அமுங்கும். கால் குட்டையாகும்."

"முட்டை எலும்புக்கு நல்லதுன்னு..." என்று லட்சுமியம்மாள் ஆரம்பித்தார்.

"முட்டை நல்லதுதாம்மா, வேக வச்சே குடுங்க. கூட ஊத்தறதுதான் கெடுக்குது. சாப்பிடற சுண்ணாம்புச் சத்த உடம்புல சேர விடாது. பழைய எலும்பு தேயத் தேய உடம்பு புதுசு கட்டிக்கிட்டே இருக்கும், அந்த வேலைய மந்தமாக்கிடும். எலும்பு உள்ளுக்குள்ள மெலிஞ்சிக்கிட்டே வரும், வெளில தெரியாது. காலைல குடிச்சாலும் அதுதான், மெளகுத்தூள் போட்டாலும் அதுதான்."

ராஜாங்கம் முதல் தடவையாக மெதுவாகக் கேட்டார்: "இப்ப அதயும் விட்டா, பழையபடி வளந்துடுமா?"

"அமுங்கினது அமுங்கினதுதான். வலி தாங்கலன்னா பின்னாடி ஆபரேஷன் பண்ணி மூட்டு மாத்தலாம். நான் இப்ப கவலைப்படறது இந்தப் பக்கத்த நெனச்சி." டாக்டரம்மா பேனா நுனியால் இடது இடுப்பைக் காட்டினார். ஆடியில் விழுப்புரத்துக்கு அனுப்பி எடுத்த ஸ்கேனில் அங்கேயும் சின்னதாக ஒரு கறை தெரிந்திருந்தது. "இது இன்னும் அமுங்கல. நீங்க விட்டா இது நிச்சயம் நிக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. நிக்கறதுக்கு வாய்ப்பு அதிகம். விடலன்னா வாய்ப்பு கொறச்சல். அவ்வளவுதான்." பிறகு லட்சுமியம்மாளிடம், "ரொம்ப நாள் குடிச்ச உடம்பு. திடீர்னு விட்டா கை நடுங்கும், தூக்கம் வராது, சிலருக்கு வலிப்பு கூட வரும். மாத்திரை தரேன். நடுக்கம் அதிகமானா வீட்லயே வச்சிக்காம உடனே இங்க கூட்டிட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் லட்சுமியம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கையாலதான கலக்கிக் குடுத்தேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார். ராஜாங்கம் மரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "ஏமே, எழுந்திரு. கேட்டுக் குடிச்சது நானு. உன்ன யாரு இன்னா சொன்னாங்க" என்றார். லட்சுமியம்மாள் எழுந்திருக்கவில்லை. ஜெயக்கொடி கேண்டீனிலிருந்து மூன்று டீ வாங்கி வந்தார். குடித்துவிட்டுப் போனார்கள்.

செருப்பு விஷயத்தில் ஜெயக்கொடி ஒரு முடிவு எடுத்திருந்தார். இப்போதே பத்துக்குச் செய்து கொடுத்து, அது தையில் பன்னிரண்டானால், மறுபடி தராசுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்க வேண்டியதுதான். பாஷா இன்னொரு தடவை கூப்பிட மாட்டார். டீ குடிக்கும்போதே ராஜாங்கத்திடம் சொல்லிவிட்டார்: "பதினஞ்சி நாளுக்கு ஒரு வாட்டி வாங்க. மூணு வாட்டி அளப்பேன். மூணும் ஒரே எண்ணு வந்தாத்தான் ரப்பர்ல கத்தி வைப்பேன். அதுவரைக்கும் கோலு."

"நாலு தட்டு சாஸ்தியா வச்சிக் குடுத்துடேன்? குட்டையாவ ஆவ சரியா வந்துடும்ல?"

"உங்களுக்குக் கால் குட்டையாவணும்னு ஆசையா?"

"இல்ல, ஒரு பேச்சுக்கு."

"இந்தப் பக்கம் எறங்கினா நான் ஏத்திடுவேன். அந்தப் பக்கமும் எறங்கினா எத எதுக்குச் சமமா ஏத்தறதுண்ணா?"

ராஜாங்கம் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்.

குடியை விட்ட முதல் வாரம் ராஜாங்கத்துக்குக் கஷ்டமாகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் கை நடுங்கித் தண்ணீர்ச் சொம்பை நழுவ விட்டார். மூன்றாம் நாள் ஏதோ சத்தம் கேட்கிறது என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். லட்சுமியம்மாள் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டார். ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தார். கமிட்டிக் கூட்டாளிகள் பார்க்க வந்தபோது, "இன்னாடா, முட்டைய வுட்டுட்டியாமே, எலும்பு எப்படிக் கூடும்?" என்றார்கள். "முட்டைய வுடலடா, வேக வச்சி துன்றேன். வந்தவன்லாம் ஆளுக்கு ஒன்னு துன்னுட்டுப் போங்க" என்றார் இவர். தின்றுவிட்டுத்தான் போனார்கள். நாலு கோழி போதவில்லை என்று லட்சுமியம்மாள் பிறகு ஜெயக்கொடியிடம் குறைப்பட்டார்.

கார்த்திகைக் கடைசியில் பத்துத் தட்டு. மார்கழி நடுவில் பத்துத் தட்டு.

பொங்கலுக்கு முன்னால் பாஷாவே சந்துக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். "ஏம்மா, தை எட்டாம் தேதி லோடு எறங்க ஆரம்பிக்கும். அன்னிக்கு ராஜாங்கம் வந்து நின்னா சரி. இல்லன்னா நான் வேற ஆள வைக்கணும். தப்பா எடுத்துக்காத."

"நாலாம் தேதி அளக்கறேன் பாய். சரியா வந்தா ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன்."

"சரியா வரலன்னா?"

"வரலன்னு அவருகிட்ட சொல்லுவேன்."

பாஷா தலையாட்டிவிட்டுப் போனார்.

காணும் பொங்கலன்று கமிட்டி ஆட்கள் எல்லாரும் ஒன்றாகக் கூடி, கோழி அடித்து, பாட்டில் திறப்பது வழக்கம். அது முடிந்த மறுநாள்தான் நாலாம் தேதி. ஜெயக்கொடி காலையில் கடை திறந்தபோதே இருவரும் வாசலில் நின்றிருந்தார்கள். ராஜாங்கம் சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"நேத்துப் போனீங்களா?" என்றார் ஜெயக்கொடி.

"போனேன். கோழி துன்னேன். எலும்ப வீட்டுக்குக் கட்டிக்கினு வந்தேன், சூப்பு வைக்க."

"ஊதச் சொல்லிப் பாத்தேம்மா" என்றார் லட்சுமியம்மாள். "பூண்டு நாத்தந்தான்."

ராஜாங்கம் சுவரைப் பார்த்து நின்றார். ஜெயக்கொடி குந்தி, சட்டத்தின் கைகளை இடுப்பில் பொருத்தினார். அதைப் பிடித்துக்கொள்ளும்படி லட்சுமியம்மாளிடம் விட்டுவிட்டுத் தட்டுகளைச் செருக ஆரம்பித்தார். நான்கு. ஆறு. எட்டில் குமிழி நகரத் தொடங்கியது. ஒன்பது. பத்தைச் செருகிவிட்டு எழுந்து, கண்ணை மட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தார். மறுபடி குந்தி, பதினொன்றாவதையும் செருகினார். குமிழி எதிர்ப்பக்கம் தாண்டிப் போயிற்று. அதை உருவினார். குமிழி திரும்பி நடுக்கோட்டுக்கு வந்தது.

"இன்னா தங்கச்சி? மூச்ச வுடலாமா?"

"பத்துண்ணா. வுடுங்க."

லட்சுமியம்மாள் சட்டத்தைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "இன்னோரு வாட்டி பாத்துடேம்மா" என்றார். ஜெயக்கொடி எல்லாத் தட்டையும் உருவிவிட்டு இன்னொரு தடவை அளந்தார். காகிதத்தின் ஓரத்தில் தை 4, பத்து என்று எழுதினார். அதற்கு மேலே பத்து, பத்து, பத்து என்று இருந்தது. அவற்றுக்கும் மேலே தனியாக ஓர் ஏழு.

இனியும் மாதம் ஒரு முறை வந்து அளந்துகொண்டு போக வேண்டும் என்றார். இடது பக்கத்துக்கு வருஷம் ஒரு ஸ்கேன் எடுக்கும்படி டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர்கள் போனதும் ரப்பர் தகட்டை எடுத்து விரித்தார். எட்டுத் தட்டு உயரம். தடிமனாக இரண்டு, மெல்லியதாக ஒன்று.

ஏழாம் தேதி மதியம் ஒட்டு இறுகியிருந்தது. ஓரத்தை மிஷினில் தேய்த்து, பிறகு உப்புத்தாளால் கையிலும் தேய்த்தார். குதிகாலில் ஏற்றிய உயரம் விரல் பக்கம் வரும்போது சரிவாக இறங்க வேண்டும். இல்லாவிட்டால் தரை தட்டும். மூன்று அடுக்கின் கோடும் தெரியாமல் கறுப்புப் பாலிஷ் போட்டார். வாரின் உள்பக்கத்தில் விரலை ஓட்டி, தையல் முடிச்சு எதுவும் உறுத்தவில்லை என்று பார்த்துக்கொண்டார். இரண்டு செருப்பையும் பலகையில் வைத்துப் பழைய துணியால் துடைத்தார்.

சந்து முனையில் கோலின் சத்தம் கேட்டது. ராஜாங்கம் தனியாக வந்திருந்தார். லட்சுமியம்மாள் கோழிக்குக் கூண்டு வாங்கப் போயிருக்கிறார் என்றார்.

ஜெயக்கொடி செருப்புகளோடு எழுந்தார். அவர் நீட்டுவதற்கு முன்பே ராஜாங்கம் கோலைக் கதவில் சாய்த்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டியிருந்தார். ஜெயக்கொடி கனமானதை அவருடைய வலது கையிலும் லேசானதை இடது கையிலும் வைத்தார்.